பொன்னுத்தாய் வண்டியை மறித்த காலை

வேனுக்குள் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கூரையில் பாத்திர மூட்டையும் சோற்று மூட்டையும் ஜமுக்காளமும் கட்டியாயிற்று. ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்ட பிள்ளைகள் அடி வாங்கி, அழுது, அழுகையும் ஓய்ந்திருந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு டிரைவர் செல்வராஜ் சாவியைத் திருகினார்.

அப்போது பொன்னுத்தாய் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் அகலமான ஒரு தாள். கிழிந்துவிடாதபடி இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள்.

"மைமூன் அக்கா, வண்டி போக வேண்டாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

செல்வராஜ் ஹாரனை அடித்தார். அவள் நகரவில்லை.

சிவகாசியில் எங்கள் வீட்டு வாசல் அது. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடந்த நேரம். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் ஆட்கள் குடும்பம் குட்டியோடு கொடைக்கானல் கிளம்பியிருந்தார்கள். வேன் எங்களுடையது. பொன்னுத்தாய் அந்த வேனைக் கழுவுகிறவள். உள்ளே மூன்றாவது வரிசையில் அவளுடைய சொந்த அக்கா சரசு, புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி பொன்னு, கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?" சரசு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள். "வருசத்துக்கு ஒரு தடவ போறோம். நகருடி அங்கிட்டு!"

என் வீட்டுக்காரர் முந்தின நாளே வியாபார விஷயமாக மதுரைக்குப் போயிருந்தார். அதனால் அத்தனை பேர் கண்ணும் என் மேல் வந்து நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். போகிற வண்டி நின்றால் எனக்கு ஏன் ஆகாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தக்காளிக் கூடைகளுக்கு நடுவில்

நான் பிறந்த ஊர் காரியாபட்டி. நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் என்னை சிவகாசிக்கு அழைத்துவந்த வேன், விருதுநகருக்கு முன்னால் நடுவழியில் படுத்துக்கொண்டது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டதாம். பெல்ட் தேடிப் போனவர் திரும்பி வருவதாகத் தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போன ஒரு மினி லாரியை மறித்து, அதில் என்னைப் பின்பக்கமாக ஏற்றிவிட்டார்கள். சரிகைச் சேலையும் கழுத்து நிறைய மல்லிகையுமாக, கூடைகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து புகுந்த வீடு வந்து சேர்ந்தேன். இறங்கும்போது சேலையின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு.

என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, மருமக ரசத்தோட வந்திருக்கா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இன்றைக்கும் வழியில் யாருடைய வண்டி நின்றிருந்தாலும் எனக்கு அந்தத் தக்காளி வாடை வரும்.

புளியங்குடி தாண்டி

ஆப்செட் அச்சகங்களில் கழிகிற தாள்களை வாங்கிக் காகித ஆலைக்கு அனுப்புவது என் வீட்டுக்காரரின் தொழில். வேன் வாங்கியது அவர் யோசனை. ஆனால் வீட்டில் இருந்தபடி போன் எடுப்பதும், யார் எந்தத் தேதிக்கு எங்கே போகிறார்கள் என்று குறித்துவைப்பதும் என் பொறுப்பாக வந்து சேர்ந்தது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. பழைய வேன்தான். உட்கார மெத்தை, பாட்டுப் பெட்டி, பின்னால் அடுப்பும் சிலிண்டரும் வைக்கத் தனி இடம். போகிற வழியில் மரத்தடியில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே போகலாம்.

முதல் வருடம் சாரல் சீசனில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆட்கள் குற்றாலம் போனார்கள். புளியங்குடி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. ஓட்டை என்றைக்கோ விழுந்திருக்கிறது. தினமும் தண்ணீர் குறைந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

அருவிக்குப் போனதும் குளிக்கலாமென்று பாதிப் பேர் வண்டிக்குள்ளேயே தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தார்கள். எண்ணெய் நெற்றியில் வழிய வழிய, சாலையோரம் அரை நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் அதிகமாகிக் குளிக்க விடாமல் தடுத்துவிட்டார்களாம்.

திரும்பி வந்து இறங்கியபோது ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அருவிச் சத்தத்தக் கேட்டோம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கழுவ வந்தவள்

அந்த வருடம்தான் பொன்னுத்தாய் வேலை கேட்டு வந்தாள். முப்பது வயது இருக்கும். அவள் அப்பா அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். இவளும் சரசுவும் சின்ன வயதிலேயே பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பொன்னுத்தாயின் நகக்கண்களில் பட்டாசில் சேர்க்கிற வெள்ளிப் பவுடர் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத மினுக்கம்.

"கம்பெனி வேல இனி வேண்டாம்க்கா. என்ன வேல குடுத்தாலும் செய்றேன்" என்றாள்.

ஏனென்று நான் கேட்கவில்லை. வேனைக் கழுவச் சொன்னேன். பட்டாசுக் கம்பெனி ஆட்களின் ஒவ்வொரு பயணம் முடிந்தும் சீட்டுக் கம்பிகளில் அதே வெள்ளி மினுக்கம் ஒட்டியிருக்கும். வாந்தியும் கடலைத் தோலும் வேறு.

முதல் நாளே அவள் வெளிப்புறத்தைக் கழுவிவிட்டு, சாக்கை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டாள். செல்வராஜ் சிரித்தார்.

"ஏம்மா, அடியில யாரு பாக்கப் போறாக?"

"நான் பாப்பேன்ல" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். இது என்ன குழாய், இது எதற்கு, இது தேய்ந்தால் என்ன ஆகும். செல்வராஜ் நல்ல டிரைவர். அவர் ஓட்டினால் மடியில் இருக்கும் டம்ளர் தண்ணீர் சிந்தாது. ஆனால் பானெட்டைத் திறப்பது மெக்கானிக் வேலை என்பது அவர் எண்ணம். அவளுக்கு வேண்டாவெறுப்பாகப் பதில் சொல்வார். அவர் சொல்லாததை அவள் ஒர்க் ஷாப்பில் ராஜாமணி மெக்கானிக்கிடம் போய்க் கேட்டுவிடுவாள்.

பரீட்சை மாதங்களில் வேனுக்கு வேலை இருக்காது. வாரக்கணக்கில் சும்மா நிற்கும். வாரத்துக்கு ஒரு நாள் செல்வராஜை வரவழைத்து, இன்ஜினை ஓடவிட்டு, வண்டியை அரைச் சக்கரம் முன்னால் நகர்த்திவிடச் சொல்வாள். "ஒரே எடத்துல உக்காந்தா மனுசனுக்கே காலு மரத்துப்போகும். டயருக்கு ஆகாதா?" என்பாள். எலி வந்து ஒயரைக் கடிக்காமல் இருக்க அந்துருண்டையைத் துணியில் முடிந்து இன்ஜின் இடுக்குகளில் வைப்பாள். பயணத்துக்கு முந்தின நாள் சிலிண்டர் டியூபில் சோப்பு நுரை தடவி, எங்கேயாவது கொப்புளம் கிளம்புகிறதா என்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது, நான் கேட்காமலே சொன்னாள்.

"எங்க ரூம்ல நாலு பேரு. பட்டாசுக்குள்ள மருந்து செலுத்துற வேல. உள்ள போகும்போது, ஒடம்புக் கரண்டு எறங்க, செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போகணும். சாயங்காலம் சிந்துன மருந்து போகத் தரையக் கழுவிவிட்டுத்தான் வரணும். நாங்க ஒரு நாளும் விட்டதில்லக்கா. பக்கத்து ரூம்ல ஆர்டர் அவசரம்னு ரெண்டு நாளு கழுவாம விட்டுட்டாக."

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்த ரூம் போயிருச்சு."

ரூம் வெடித்துப் போவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

வெள்ளைப் பக்கம் மேலே

தாள் விரிக்கும் யோசனை அவளுடையதுதான். எங்கள் வீட்டுக் கொட்டகையில் அச்சில் கெட்டுப்போன தாள்கள் மலையாகக் கிடக்கும். அதில் நான்கைந்து பெரிய தாள்களை எடுத்து, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய வண்டிக்கு அடியில் சாயங்காலம் விரித்துவிடுவாள். காலையில் எடுத்துப் பார்த்தால், எங்கே என்ன சொட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சைத் தண்ணீர் ரேடியேட்டர். கெட்டியாக, நாற்றமாக இருந்தால் பின்னால் இருக்கும் கியர் ஆயில்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எந்தத் தாள் எந்தச் சக்கரத்துப் பக்கம் கிடந்தது என்பதற்குக் கரியால் வட்டம் போட்டு வைப்பாள். முன்பக்கம் ஒரு வட்டம், பின்பக்கம் இரண்டு வட்டம்.

காலண்டர் தாள்தான் நல்ல கனமாக இருக்கும். ஆனால் அதில் சாமி படம் இருக்குமே! "சாமியக் கொண்டு வண்டிக்கு அடியில போடுறதா?" என்று அவள் ஒதுக்கிவிடுவாள். பள்ளிவாசல் படம் போட்டதை நான் உருவி எடுத்துவிடுவேன். மிச்சம் இருப்பது பட்டாசுப் பெட்டி லேபிள்தான். சிரிக்கிற குழந்தை, மயில், சிங்கம் எல்லாம் தினமும் எங்கள் வேனுக்கு அடியில் குப்புறப் படுத்துக் கிடக்கும்.

கொறஞ்சது எங்க போச்சு?

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

பொன்னுத்தாய் என்னிடம் நீட்டிய தாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். கறுப்பு இல்லை, பச்சை இல்லை. லேசான பழுப்பு. ஓரத்தில் கரியால் இரண்டு வட்டம்.

"பின்னாடி எடது சக்கரத்துக்கு உள்பக்கம் சொட்டியிருக்குக்கா. இங்கன திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். லேபிளில் இருந்த சிங்கத்தின் முகம் கரைந்து, சிவப்பு மை நாலாபக்கமும் ஓடியிருந்தது.

"தண்ணி மைய இப்படிக் கரைக்காது. இது பிரேக் ஆயில்."

செல்வராஜ் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். முகம் சிவந்திருந்தது. "அது நான் நேத்துச் சாயங்காலம் பிரேக் ஆயில் ஊத்துனேன்க்கா. அப்பச் சிந்தியிருக்கும். கழுவ வந்தவ கழுவிட்டுப் போகாம, இருவது பேரு முன்னாடி என்னய அவமானப்படுத்துறாளே!"

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. உள்ளே ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சரசு வண்டியை விட்டே இறங்கி வந்தாள். "எங்கள மாதிரி போக முடியலேன்னு உனக்கு வயித்தெரிச்சல்டி" என்று தங்கச்சி முகத்துக்கு நேராகச் சொன்னாள். பொன்னுத்தாய் செல்வராஜைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க ஊத்துனது முன்னாடி. சொட்டியிருக்கிறது பின்னாடி."

"வண்டியக் கொஞ்சம் நகத்துனேன்."

"சரிண்ணே. எதுக்கு ஊத்துனீக?"

"இதென்ன கேள்வி? கொறஞ்சிருந்துச்சு, ஊத்துனேன்."

"கொறஞ்சது எங்க போச்சு?"

செல்வராஜ் திரும்பி அந்தப் பின்சக்கரத்தைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அனுப்பியிருப்பார். அவருக்கு வாக்குத்தான் பெரிது. நானும் வேறு நாளாக இருந்தால் அனுப்பியிருப்பேனோ என்னவோ. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அந்த வாசலில் யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத ஒரு விஷயத்தை, டிரைவரையும் சேர்த்து இருபத்தோரு பேரோடு மலைக்கு ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை.

"எல்லாரும் எறங்குங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

சக்கரம் கழன்ற பிறகு

ராஜாமணி மெக்கானிக் மொபெட்டில் வந்து சேர்வதற்குள் ஆட்களின் கோபம் முற்றிவிட்டது. பயணத்துக்குத் தலைமை அய்யாச்சாமி என்ற போர்மேன். நரைத்த மீசை, சத்தம் போடாத ஆள். "ஏம்மா, ஒரு பொம்பளப் பிள்ள பேச்சக் கேட்டு எங்க நாளக் கெடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். நானும் பொம்பளைதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ராஜாமணி ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிரம் லேசில் வரவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டி உருவினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அய்யாச்சாமியைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க. சக்கரத்தப் பிடிக்கிற பிரேக் கட்ட முழுக்க ஆயில்ல ஊறிப் போயிக் கெடக்கு. இது தரையில ஓடும்போது தெரியாது. எறக்கத்துல பிரேக் மேல பிரேக் போடுவீகல்ல, அப்பத்தான் தெரியும்."

அய்யாச்சாமி குனிந்து விரலால் தொட்டார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து, சுவரோரம் ஒதுங்கி நின்ற பொன்னுத்தாயைப் பார்த்தார்.

"எந்தக் கம்பெனியில இருந்தே தாயி?"

சொன்னாள்.

"எந்த ரூம்?"

"மருந்து செலுத்துற ரூம் அய்யா."

அந்தக் கம்பெனியில் ரூம் போனது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; தலையை ஆட்டினார். அவ்வளவுதான். தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "ஏலே, கூரையில இருந்து சோத்து மூட்டைய எறக்குங்க. இங்கனயே சாப்பிடுவோம். வண்டி சரியானப்பெறவு போவோம்" என்றார். அதற்கு மேல் ஒரு முணுமுணுப்பும் எழவில்லை.

மலையடிவாரத்தில் சாப்பிடவிருந்த புளிச்சோற்றை எங்கள் தெருவில் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிட்டார்கள். நான் முட்டை அவித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் எங்கள் கொட்டகையில் புகுந்து லேபிள் பொறுக்கினார்கள். ராஜாமணி தேய்ந்த வாஷர்களை மாற்றி, இரண்டு பின்சக்கரத்துக்கும் புதுக் கட்டை போட்டு, கடைசியில் பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினார். அதற்கு ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். செல்வராஜ்தான் மிதித்தார். கீழேயிருந்து ராஜாமணி "அமுக்கு… பிடி… விடு" என்று சொல்லச் சொல்ல, நேராக முன்னால் பார்த்தபடி மிதித்துக்கொண்டிருந்தார். வேர்வை கழுத்தில் இறங்கியது. அந்த மனிதரிடம் திறமைக்குக் குறைவில்லை. அன்றைக்கு அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில் வண்டி கிளம்பியது. சரசு தங்கச்சியிடம் சொல்லிக்கொள்ளாமலே ஏறிப் போனாள்.

ஒண்ணும் ஆகல

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். குளிரில் வெடித்த உதடுகள், கையில் கேரட் கட்டு, யூகலிப்டஸ் தைல வாடை. வண்டி நிற்பதற்கு முன்பே சரசுவின் குரல் வந்துவிட்டது.

"பாத்தியாடி, ஒண்ணும் ஆகல! நல்லாப் போயிட்டு நல்லா வந்தோம். சும்மா அரை நாளக் கெடுத்தே."

பொன்னுத்தாய் அக்காவின் சின்ன மகளை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். "ஒண்ணும் ஆகலேல்ல?" என்றாள். "அதாங்க்கா வேணும்."

எனக்கு அவள் மேல் இருந்த பிரியம் அந்த நிமிடத்தில்தான் மரியாதையாக மாறியது. ஒரு விபத்து நடந்து அதிலிருந்து காப்பாற்றியிருந்தால் ஊரே தூக்கிக் கொண்டாடும். நடக்காத விபத்துக்கு யார் மாலை போடுவார்கள்? அப்படி ஒரு மாலை வரும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

செல்வராஜ் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் ராஜபாளையத்திலிருந்து வெறும் வண்டியோடு வந்து இறங்கியவர், "பொன்னுத்தாயி, வலது பக்கம் திருப்பும்போது 'கடக்'னு ஒரு சத்தம் வருது. என்னன்னு அடியில பாரு" என்றார். உத்தரவு போடுவதுபோலத்தான் சொன்னார். அவள் சாக்கைத் தேடி ஓடினாள்.

சாத்தூர் ரோட்டில்

நாலைந்து வருடம் எங்களோடு இருந்தாள். பிறகு சாத்தூர் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, வாட்டர் சர்வீஸ் ஆரம்பித்தாள். வேன் கழுவுமிடம் என்று பேர். ஆனால் அடியில் நுழைந்து பார்க்காமல் எந்த வண்டியையும் வெளியே விட மாட்டாள். கூட வேலை செய்தது யாரென்று நினைக்கிறீர்கள்? சரசுதான். கம்பெனியை விட்டுவிட்டு வந்துவிட்டாள். வண்டிக்காரர்களோடு சத்தம் போடுகிற பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டதால் பொன்னுத்தாய்க்கு நிம்மதி.

ஒரு தீபாவளி கழிந்த சீசனில், மறுநாள் விடியும் முன்னே எங்கள் வேன் மூணாறு கிளம்ப வேண்டும். செல்வராஜோடு நானும் வண்டியில் ஏறிக்கொண்டு அங்கே போனேன். முன்னால் ஆறேழு வேன் நின்றது. நான் நேராகப் பொன்னுத்தாயிடம் போனேன்.

"எம்மா, நம்ம வண்டிடி. கொஞ்சம் முன்னாடி பாத்து விடு."

"நம்ம வண்டிங்கிறதுனாலதான்க்கா அவசரத்துல பாக்க மாட்டேன். வரிசையில விடச் சொல்லுங்க. நீங்க டீ சாப்பிட்டீகளா?"

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். சரசு டீ வாங்கிக் கொடுத்தாள். எங்கள் முறை வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. பொன்னுத்தாய் அடியில் போய் வெகுநேரம் கழித்து வந்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டே, "ஸ்டீரிங் ராடுல ஆட்டம் இருக்குக்கா. நாளைக்கு ராஜாமணி அண்ணன் பாக்கட்டும். நாளக் கழிச்சுப் போகட்டும் வண்டி" என்றாள்.

செல்வராஜைப் பார்த்தேன். "அவ சொன்னாச் சரியாத்தான்க்கா இருக்கும்" என்றார்.

கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, மூணாறு போகவிருந்தவர்களுக்கு நானே போட்டேன். வண்டி நாளைக்கு வராது, ஒரு நாள் தள்ளிப் போங்கள் என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் சத்தம் போட்டார். அவர் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன், என்ன ஆயிற்று வண்டிக்கு என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகலங்க" என்றேன். "பொன்னுத்தாயி வேண்டாம்னு சொல்லிருச்சு."

"அந்த சாத்தூர் ரோட்டுப் பொம்பளையா? அப்பச் சரிங்க" என்று வைத்துவிட்டார்.

அதை அவளிடம் சொல்லத் திரும்பினேன். அவள் அதற்குள் அடுத்த வேனுக்கு அடியில் போயிருந்தாள். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.